மகளின் பிரஜாவுரிமை பறிபோனது. சிரிய முகாமில் உள்ள பேரப்பிள்ளைகளின் நிலை என்ன?

கேள்வி: நான் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவள். 1991 முதல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். மகள் 1996-இல் இங்கேதான் பிறந்தாள். 2015-இல் யாருக்கும் சொல்லாமல் சிரியாவுக்குப் போய், ஐ.எஸ். கையில் இருந்த ரக்காவில் ஒரு தூனிசியரைக் கலியாணம் முடித்தாள். அவர் 2019-இல் பாகூஸ் சண்டையில் இறந்துவிட்டார். பேரன் 2016-இல் ரக்காவில் பிறந்தான், பேத்தி 2019 ஜூனில் அல்-ஹோல் முகாமில். மூவரும் இப்போது ரோஜ் முகாமில். என் கணவர் போன வருடம் மௌத்தானார். அவருடைய அலுமாரியில் ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டிஷ் உள்துறை) கடிதமொன்று கிடைத்தது. மகளின் பிரிட்டிஷ் பிரஜாவுரிமையை 2019 ஏப்ரலில் பறித்துவிட்டார்களாம், அவள் இலங்கைப் பிரஜையாம். பிள்ளைகளுக்காவது இலங்கை பாஸ்போர்ட் எடுக்கலாமா? செலவுக்குக் காசு அனுப்பலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. பாஸ்போர்ட்டுக்காக இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகாதீர்கள். பிள்ளைகளை இலங்கைப் பிரஜைகளாகப் பதிய வேண்டுமென்றால், அவர்களுடைய தாய் இலங்கைப் பிரஜை என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டி வரும். ஹோம் ஒஃபிஸ் கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

அந்த வரிதான் முழு வழக்கும். 1981-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தேசியச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பொது நன்மைக்கு என்று சொல்லிப் பிரஜாவுரிமையைப் பறிக்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் பிறப்பால் பிரிட்டிஷாரான ஒருவரை எந்த நாடும் இல்லாதவராக்க அதில் இடமில்லை. அதனால்தான் உங்கள் மகளுக்கு இலங்கை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

உண்மையில் இருக்கிறதா? இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் இலங்கையர் என்பது மட்டும் போதாது. பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும், பிந்தினால் அமைச்சரின் அனுமதி வேண்டும். பதியாத பிள்ளை இலங்கைப் பிரஜை அல்ல. லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போய், இதேபோலப் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட ஷமீமா பேகத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்களாதேஷ் சட்டத்தில் இப்படிப் பதிய வேண்டியதில்லை. பெற்றோர் வழியாகப் பிரஜாவுரிமை தானாகவே வந்துவிடும், 21 வயது வரை நிற்கும். பறிக்கப்பட்டபோது அவருக்கு 19 வயது. அதனால்தான் ‘நாடற்றவளாக்கிவிட்டார்கள்’ என்ற வாதம் அவருக்குக் கை கொடுக்கவில்லை. உங்கள் மகளுக்குக் கை கொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

‘இப்போதும் பதியலாமே’ என்று ஹோம் ஒஃபிஸ் கேட்கும். ஈராக்கில் பிறந்த அல்-ஜெத்தா என்பவர் விஷயத்திலும் இதைத்தான் கேட்டார்கள். இன்னொரு பிரஜாவுரிமையைக் கேட்டு வாங்க முடியும் என்பது வேறு, கையில் இருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள்தான். ஆனால் அந்தத் திருத்தம் விண்ணப்பித்துப் பிரஜையாக்கப்பட்ட பெரியவர்களுக்கு மட்டும். இங்கே பிறந்த உங்கள் மகளைத் தொடாது.

ஆகவே வீட்டை அலசுங்கள். சின்ன வயதில் மகளை ஊருக்குக் கூட்டிப் போனீர்களா? எந்தப் பாஸ்போர்ட்டில் போனாள்? தகப்பனின் இலங்கைக் கடவுச்சீட்டில் அவளுடைய பெயரை எழுதியிருந்தார்களா? உங்களுக்குத் தெரியாமல் அவர் பிறப்பைப் பதிந்திருக்கவும் கூடும். பதிவுப் பத்திரம் அகப்பட்டால் கிழித்துப் போடாதீர்கள், மறைக்காதீர்கள். வழக்கை வேறு வழியில் நடத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒன்றும் அகப்படாவிட்டால், கொழும்பில் ஒரு சட்டத்தரணியை வைத்துக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுத்தில் வாங்குவோம். எந்த நாடும் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எங்கள் பக்கம்தான்.

பேரனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவன் பிறந்தபோது தாய் இங்கே பிறந்த பிரிட்டிஷ் பிரஜை. ஆகவே அவனும் பிறந்த அன்றே பிரிட்டிஷ். தாயிடம் பறித்தது அவனிடம் பறித்ததாகாது. ரக்காவில் ஐ.எஸ். கொடுத்த பிறப்புப் பத்திரத்தை எவரும் ஏற்க மாட்டார்கள் என்பதால் டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும்.

பேத்தி விஷயம்தான் நெஞ்சை அடைக்கிறது. தாயின் பிரஜாவுரிமையைப் பறித்த கட்டளைக்கு இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவள். ஒரே கூடாரத்தில் அண்ணன் பிரிட்டிஷ், தங்கைக்கு அது இல்லை. ஆனால் 2025 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இவளுக்காகவே எழுதினது போல இருக்கிறது. நாடற்றவராக்கியதால் ஒரு கட்டளை அடிபட்டுப் போனால், பிரஜாவுரிமை இடையில் அறுபடவே இல்லை என்றுதான் கருத வேண்டும். அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளையும் பிரிட்டிஷ்தான். மகளின் மேன்முறையீடு கடைசி வரை நின்று வென்றால் பேத்தியும் வென்றாள்.

மேன்முறையீட்டுக்கு வெளிநாட்டில் இருப்பவருக்கு 28 நாள்தான் தவணை. அது எப்போதோ போய்விட்டது. விசேட சூழ்நிலையில் தவணையை நீட்டாவிட்டால் அநியாயம் என்று கண்டால், இந்த மேன்முறையீடுகளைக் கேட்கும் விசேட குடிவரவு மேன்முறையீட்டு ஆணைக்குழு (SIAC) நீட்டலாம். கடிதம் முகாமுக்குப் போகவேயில்லை, அலுமாரியில் கிடந்தது என்று நீங்கள் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். உறையையும் பத்திரப்படுத்துங்கள். கணவர்மேல் கோபப்படாதீர்கள், அம்மா. பயத்தில் இப்படி ஒளித்து வைத்த கடிதங்களை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

வென்றாலும் அடுத்த நாளே விமானம் வராது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முகாமில் இருப்போரை அழைத்துவர மறுத்தால் அந்த முடிவைச் சுயாதீனமான ஓர் அமைப்பு பரிசீலிக்க வேண்டும் என்று பிரான்சுக்குச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நின்ற, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 4-ஆம் நெறிமுறையை பிரிட்டன் ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஆனாலும் 2022 ஒக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணையும் பிள்ளையையும் சிரியாவிலிருந்து அழைத்து வந்தார்கள். மகள் வந்தால் விசாரணை நிச்சயம், சிறையும் வரலாம். குழந்தையோடு சிரியா போய்த் திரும்பிய பர்மிங்ஹாம் பெண்ணுக்கு 2016-இல் 6 வருடம் கொடுத்தார்கள். பிள்ளைகளைச் சமூக சேவைப் பிரிவு பொறுப்பெடுக்கும். அவர்களை வளர்க்க நான் இருக்கிறேன் என்று நியூஹாம் கவுன்சிலுக்கு இப்போதே எழுதி வையுங்கள்.

அப்புறம் காசு. உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு கைமாற்றும் வழியில்) ஒரு பவுண்கூட அனுப்பாதீர்கள். சிரியாவில் இருந்த மகனுக்கு 223 பவுண் அனுப்பியதற்காக ஜாக் லெட்ஸின் தாய் தகப்பனை 2019-இல் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்த குற்றவாளிகள் என்று தீர்த்து, 15 மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். மகனுக்கு உதவத்தான் காசு என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அனுப்பத்தான் வேண்டுமென்றால், சட்டத்தரணி மூலம் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு அறிவித்துச் சம்மதம் வாங்க வழி இருக்கிறது. அது கிடைக்கும் வரை பொறுங்கள்.

இந்த வழக்கை நீங்கள் போட முடியாது, மகள்தான் போட வேண்டும். அடுத்த முறை அவள் குரல் பதிவு அனுப்பும்போது, தன் முழுப் பெயர், பிறந்த திகதி, கடிதத்தைப் பற்றி அவளுக்கு எப்போது தெரியவந்தது, மேன்முறையீடு செய்யச் சட்டத்தரணிக்கு அனுமதி தருகிறேன் என்பது, இவ்வளவையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவை அழிக்காமல், போனோடு கொண்டு வாருங்கள்.