மாத்திரை சாப்பிடும்போது கீரை, பால், காபி ஆகாது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா?

மாத்திரை சாப்பிடும் நாள்களில் இது ஆகாது, அது ஆகாது என்கிறார்களே, இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா, இல்லை பாட்டி காலத்துப் பத்தியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரணியில் ஒரு மருந்துக்கடையில் 24 ஆண்டுகளாக நிற்கிறேன். "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்பதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்ட கேள்வி இது. சில உணவுகளுக்கு மிக உறுதியான ஆதாரம் உண்டு, பலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மக்கள் பயப்படுவது பெரும்பாலும் ஆதாரம் இல்லாதவற்றுக்குத்தான். சளி மாத்திரையை வாங்கிக்கொண்டு "தயிர் சாப்பிடலாமா?" என்று மூன்று முறை கேட்பவர், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினை ஒரு டம்ளர் பாலோடு விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மருந்து இரத்தத்துக்கு வராமலே போகும். டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கும் இதே கதை. இரண்டு மணி நேரம் முன்போ பின்போ பால் குடித்தால் தொல்லை இல்லை.

கீரை விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைக்கு மாதம் தவறாமல் வரும் ஓர் அக்கா. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதால் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் அசெனோகுமரால் மாத்திரை. முதல் சீட்டை அவர் நீட்டியபோது, படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: "கீரையைத் தொடாதீர்கள் அக்கா." அவரும் தொடவில்லை.

இந்த மாத்திரைக்கு ஐ.என்.ஆர். என்றொரு பரிசோதனை உண்டு. இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். அவருக்கு அது 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று சாப்பிட்டார், மீதியை வீட்டுக்கும் கொண்டுபோனார். அடுத்த பரிசோதனையில் 1.7. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அக்கா பயந்துபோய்க் கொத்தமல்லித் தழையைக்கூட ஒதுக்கத் தொடங்கினார். மூன்று வாரத்தில் 5.6. பல் தேய்த்தால் ஈறில் இரத்தம் நிற்கவில்லை.

கீரையில் இருப்பது வைட்டமின் கே. பாலக்கீரை 100 கிராமில் 480 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 90 முதல் 120 வரைதான். உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் செய்து முடிக்க இந்த வைட்டமின் தேவை, மாத்திரை அதைத்தான் மறிக்கிறது. ஆகவே இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகள். ஒரு தட்டில் வழக்கமாக எதுவுமே இல்லையென்றால், திடீரென்று விழும் ஒரு கைப்பிடிக் கீரைகூடத் தராசைச் சாய்த்துவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஓர் ஆய்வுக் குழு இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தது. இதே வகை மருந்தான வார்ஃபரின் எடுத்தும் எண் நிலைக்காமல் தவித்தவர்களுக்கு, நாள்தோறும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கேவையே கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவில், அப்படிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு எண் முன்னைவிட நிலையாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தெளிவான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கீரையை அடியோடு விட்டுவிடுவதைவிட, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடுவதுதான் சரி என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அக்கா இப்போது வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறார், மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

வார்ஃபரின் பிறந்ததே ஓர் உணவால்தான், மாட்டுத் தீவனத்தால். 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் வடிந்து செத்தன. 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும், பால் கேனில் உறையாத இரத்தத்தையும், கொஞ்சம் வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க லிங்க் குழுவுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்றது. பிறகு மனிதர்களுக்கு வந்து, 1955இல் மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுக்கப்பட்டது.

அடுத்தது கிரேப்ஃப்ரூட். கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் திராட்சை சாப்பிடக் கூடாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. யாரோ பெயரைப் பாதியில் மொழிபெயர்த்ததன் விளைவு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இரண்டு ஆண்டுகளாகத் திராட்சையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார். கிரேப்ஃப்ரூட் என்பது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது, நம் பம்பளிமாஸின் வாரிசு. கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபினோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் புறப்பட்டார். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மது இல்லாமல் வெறும் சாற்றைக் குடித்தவர்களுக்கும் இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது! 1989இல் வெளியான இந்த முடிவை முதலில் பலரும் நம்பவில்லை.

காரணம் குடல் சுவரில் இருக்கிறது. அங்குள்ள ஒரு நொதி, உள்ளே வரும் மருந்தில் ஒரு பகுதியை வாசலிலேயே சிதைத்துவிடும். அந்தச் சேதாரத்தையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்கள். இந்தச் சாற்றில் உள்ள ஃப்யூரனோகுமரின் என்ற பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. உடல் புதிதாக நொதியைச் செய்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் பாலைப் போல இரண்டு மணி நேர இடைவெளி இங்கே உதவாது. கொழுப்பு மாத்திரைகளில், சிம்வாஸ்டாட்டினில் இது பெரிய சிக்கல், அடோர்வாஸ்டாட்டினில் குறைவு, ரோசுவாஸ்டாட்டினில் இல்லை. பம்பளிமாஸிலும் இதே பொருள்கள் உண்டு. ஜப்பானில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் அதைச் சாப்பிட்டதால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க அவர் எடுத்த டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறியது 2003இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஏற்காட்டுக்கோ சிறுமலைக்கோ போய் வருபவர்கள் பையில் அந்தப் பழம் இருந்தால், வீட்டில் யாருக்காவது மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளலாம். திராட்சைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

நம் மண்ணுக்கு நெருக்கமானது காசநோய்க் கதை. 1950களில் காசநோய் என்றால் சானடோரியம், ஓய்வு, முட்டை, பால். சத்தில்லாமல் மருந்து பிடிக்காது என்பதே உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதைச் சோதித்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடு கொடுத்தார்கள். மறுபாதி தம் குடிசை வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டு, அதே மாத்திரைகளை எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. 1959இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது. மருந்து சரியாகப் போனால் போதும் என்று ஆயிற்று.

இதைச் சொல்லி "சாப்பாடு முக்கியமில்லை" என்று பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே பங்கேற்ற இன்னோர் ஆய்வு, ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. 10,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் இந்த உணவு பெற்ற குடும்பங்களில், பெறாத குடும்பங்களைவிட, புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. கிருமியைக் கொல்வது மாத்திரைதான். ஆனால் கிருமி அடுத்த ஆளிடம் போய் உட்காருமா என்பதை அரிசியும் பருப்பும் தீர்மானிக்கின்றன. என் தொழிலில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் அசைத்தது இந்த ஆய்வுதான். ஒன்றரைக் கிலோ பருப்பு!

காசநோய் மாத்திரையோடு ஒரு மீனும் வந்து சேர்கிறது. அந்த மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியசிட் எடுப்பவர்கள் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்ததை இலங்கை மருத்துவர் உரகொட 1977இலேயே எழுதியிருக்கிறார். மீன் கொஞ்சம் பழசானால் அதில் ஹிஸ்டமின் சேரும், ஒவ்வாமை வந்ததுபோல் முகத்தைச் சிவக்க வைக்கும் பொருள் அது. அதை உடைக்கும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. நிறுத்த வேண்டியது சூரையை.

மிளகையும் மஞ்சளையும் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். பெங்களூரில் 1998இல் செய்த ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு, மிளகில் உள்ள பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்துக்குப் போன குர்குமின் 20 மடங்கு கூடியது. உண்மைதான். ஆனால் குர்குமின் தனியாகச் சென்றால் இரத்தத்தில் அகப்படுவதே அரிது. அரிதானதன் 20 மடங்கும் சிறியதுதான். மேலும் மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதமே. ரசத்தை ரசமாகவே குடியுங்கள். மிளகின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம், திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் ஏன் சேர்கின்றன என்று ஆராயப்போய், ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்த காசநோய் மாத்திரையை உருவாக்கியது. 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 போதும் என்பது அதன் கணக்கு. சித்த மருத்துவத்தில் பத்தியம் வேறு, அனுபானம் வேறு. எதைத் தவிர்ப்பது என்பது ஒன்று, எதோடு கொடுப்பது என்பது மற்றொன்று. நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கடைசியாகக் காபி. இது என் வீட்டுக் கதை. அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை, தைராக்சின். அளவை இரண்டு முறை கூட்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. தைராய்டு போதாதபோது இரத்தத்தில் ஏறும் எண் அது. காலை 5 மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில்தான் போடுகிறேன் என்று சாதித்தார். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் ஒருநாள் அடுப்படியில் நின்று பார்த்தேன். மாத்திரையை வாயில் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உடனே ஃபில்டர் காபி. காபி இந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று இத்தாலியில் ஓர் ஆய்வு 2008இலேயே காட்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்தால் சிக்கல் இல்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

"எழுந்ததும் காபி இல்லாமல் ஒரு மணி நேரமா? வேறு வழி இருந்தால் சொல்" என்றார் அம்மா. இருந்தது. நெதர்லாந்தில் 90 பேருக்கு மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் படுக்கப் போகும்போதும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் போட்டபோது பலன் கூடுதல் என்று 2010இல் முடிவு வந்தது. மருத்துவரிடம் கேட்டேன், சரி என்றார். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட்டு, பத்தரைக்கு மாத்திரை. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். வரம்புக்குள் வந்தது, அளவைப் பழையபடி குறைத்தார்கள்.

முடிவுத் தாளைக் காட்டியபோது அம்மா சொன்னது: "இத்தனை வருடம் கடையில் நின்று என்னடா செய்துகொண்டிருந்தாய்?"