பாரிஸ் மெசேஜ் பிரெஞ்சு: புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, ரெஸ்ரோறண்டில் கூட வேலை செய்யிறவை அனுப்புற மெசேஜ் அகராதியில் தேடியும் விளங்கவில்லை, எந்த சிம் எடுக்கலாம், எந்த மொழிபெயர்ப்பு ஆப் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். சிம் எதுவும் எடுக்கலாம். ஆப் இதுக்கு உதவாது. மெசேஜைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அதில் சறுக்கினால் வேலை நேரமே கைவிட்டுப் போகும்.

கண்ணால் வாசிக்காமல் வாயால் சொல்லிப் பாருங்கோ. பிரெஞ்சில் எழுத்தின் பெயரே சொல்லாகிவிடும். ‘ஸே’ (C) என்ற ஒற்றை எழுத்து வந்தால் ‘அது’, ‘ஜே’ (G) வந்தால் ‘என்னட்ட இருக்கு’. எண்ணும் அப்படித்தான். ‘2எம்1’ என்பதை து, ம், ஆங் என்று ஒட்டிச் சொன்னால் ‘துமாங்’, நாளை. ‘தே (T) டிஸ்போ 2எம்1’ என்றால் நாளைக்கு வேலைக்கு வர வசதியா என்று கேட்கினம். உடனே பதில் போடுங்கோ, பிந்தினால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். ‘டிஸ்போனிப்ள்’ என்பதை ‘ஓ’வோடு வெட்டியதுதான் டிஸ்போ. ரெஸ்தோ (ரெஸ்ரோறண்ட்), ஃப்ரீகோ (குளிர்சாதனப் பெட்டி), அபெரோ (சாப்பாட்டுக்கு முந்தின பானம்) எல்லாம் அதே வெட்டு.

‘ஆ12ஸே4’ என்று வந்தால் கட்டடக் கதவில் அடிக்கிற கோட் என்று நினைத்து நிற்காதேங்கோ. ‘ஆ ஆங் து ஸே காத்ர்’, இன்னொரு நாள் சந்திப்போம் என்று விடைபெறுகினம்.

‘எம்-டே-எர்’ (MDR) சிரிப்பு, ‘சிரித்தே செத்தேன்’ என்ற மூன்று சொல்லின் முதலெழுத்துகள். ‘ஏன்’ என்று கேட்க ‘பே-கா’ (PK) எழுதுங்கோ. ‘பே-க்யூ’ (PQ) என்றும் சிலர் எழுதுவினம், ஆனால் அது கழிப்பறைக் காகிதத்துக்கும் பெயர்.

இந்தச் சுருக்கெல்லாம் காசுக் கணக்கில் பழகின கை. அந்தக் கால எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 160 எழுத்து. தலையில் கூரை போட்ட ‘ஈ’ (ê) ஒன்று நுழைந்தாலே முழு மெசேஜும் 70 எழுத்துக்குச் சுருங்கும், ஏனென்றால் அந்த எழுத்து அடிப்படைப் பட்டியலில் இல்லை. தமிழுக்கும் 70தான், அதுதான் எங்கட சனமும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தது.

அசைகளைப் புரட்டிப் போடுற பேச்சு வேறு: மெர்சி (நன்றி) ‘சிமேர்’ ஆகும், லூஷ் (சந்தேகத்துக்குரியது) ‘ஷெலூ’ ஆகும். விளங்கி வைத்திருங்கோ. ‘ஃபாம்’ (பெண்) புரண்டு வந்த ‘மெஃப்’ஐ மட்டும் வேலையிடத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லாதேங்கோ, மரியாதைக் குறைவு.

புதிய வினை அநேகமாய் எல்லாம் ‘ஏ’ (-er) என்று முடியும் முதல் குழுவில்தான் சேரும்: லைக்கே (லைக் போடுறது), ஸ்ரோக்கே (ஒருவரின் பக்கத்தை ஒளிச்சு நோட்டம் விடுறது). அந்த ஒரு குழுவின் விகுதிகளைப் பாடமாக்கினால் போதும். ஹாஷ்டாக்குக்கு அரசு 2013இல் ‘மோ-தியேஸ்’ என்று சொல் கொண்டுவந்தது. சனம் ஹாஷ்டாக் என்றுதான் சொல்லுது.

பாரிசில் எங்கட கடைகள் இருக்கிற லாச்சப்பலில் தமிழே போதும் என்று சொல்லுவினம். அவை 20 வருஷமாய் மெசேஜ் வந்தால் போனைப் பிள்ளையிடம் நீட்டுகிறவை. பள்ளிக்கூடப் பிள்ளை அப்பாவின் சம்பளப் பிணக்கை வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கு. அந்தப் பழக்கத்துக்குப் போகாதேங்கோ.

கடைசியாக, வாசிக்கத்தான் இதெல்லாம். முதலாளி, வீட்டுக்காரர், பிரெஃபெக்சர் (விசா பார்க்கிற அரசு அலுவலகம்) மூன்று பேருக்கும் ‘போன்ஜூர்’ முழுசாய், ‘வூ’ (நீங்கள்) போட்டு, முடிவில் ‘கோர்தியால்மோன்’ (அன்புடன்) முழுசாய். முதலாளி ‘தே’ என்று சுருக்கி அனுப்பினாலும், நீயும் ‘தூ’ (நீ) சொல்லலாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை நீங்கள் ‘வூ’வை விடாதேங்கோ.