அனிலீனுக்குத் தண்ணீர் ஒத்துவராது

கேள்வி: அனிலீன் கரைசலை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்கிறேன். மெத்தில் ஆரஞ்சின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது, எந்தச் சொட்டில் நிறுத்துவது என்றே தெரியவில்லை. அமோனியாவுக்கு இதே முறை சரியாக வந்தது. எங்கே தப்பு செய்கிறேன்?

உங்கள் கையில் தப்பில்லை. பியூரெட்டை மாற்றினாலும் இதேதான் வரும், ஏனென்றால் சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. அமோனியம் அயனியின் பிகேஏ (புரோட்டானை எவ்வளவு எளிதில் விடும் என்பதைக் காட்டும் எண், குறையக் குறைய அதன் காரம் வலு குறைந்தது) 9.25, அனிலீனியத்துக்கு, அதாவது புரோட்டான் ஏற்ற அனிலீனுக்கு, வெறும் 4.6. நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான்களை பென்சீன் வளையம் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், அனிலீன் அமோனியாவைவிட 40 ஆயிரம் மடங்குக்கும் மேல் வலு குறைந்த காரம். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 4.4-லிருந்து 3.1-க்குள். 20 மி.லி. அமிலம் செல்ல வேண்டிய கரைசல் என்றால், கிட்டத்தட்ட 12 மி.லி.யிலேயே நிறம் அசையத் தொடங்கி 20 வரைக்கும் இழுக்கும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

அமிலத்தை அதிகமாக ஊற்றிவிட்டு, மிச்சத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் பினால்ப்தலீன் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காரம் அனிலீனியத்தையும் சேர்த்து அனிலீனாக்கிவிடும், கணக்கில் அனிலீனே இல்லை என்று வரும்!

சரி, வழி என்ன? தண்ணீரை விட்டுவிட்டு, சுமார் 0.18 கிராம் அனிலீனை கிளேசியல் (அநேகமாக நீரில்லாத) அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதே அசிட்டிக் அமிலத்தில் தயாரித்த 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். தண்ணீரில் புரோட்டானுக்காக அனிலீனோடு நீர் மூலக்கூறுகளும் போட்டி போடும். இங்கே அந்தப் போட்டி அநேகமாக இல்லை. கிரிஸ்டல் வயலட் ஒரு சொட்டு போதும், ஊதா போய் நீலம் வந்து பச்சைச் சாயல் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். 1 மி.லி. பெர்குளோரிக் கரைசலுக்கு 9.313 மி.கி. அனிலீன் என்பது கணக்கு. பிளாங்க் ஒன்று (அனிலீன் இல்லாமல் இதே டைட்ரேஷன்) ஓட்டி அதைக் கழிக்க மறக்காதீர்கள். பெர்குளோரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் அன்றைக்கே தரப்படுத்துங்கள், அசிட்டிக் அமிலம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.11 சதவீதம் விரியும், காலைக்கும் மதியத்துக்கும் 5 டிகிரி மாறினாலே அரை சதவீதம் போச்சு.

பெர்குளோரிக் அமிலத்தோடு வரும் நீரை நீக்க அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்ப்பார்கள். அது மிச்சமிருந்தால் அனிலீனை அசிட்டனிலைடாக மாற்றிவிடும், அதற்குக் காரத்தன்மை கிடையாது, அளவு குறைந்து வரும். அதனால் உங்கள் வேலைக்குக் கொஞ்சம் நீர் மிச்சமிருப்பதே மேல். அப்புறம் பெர்குளோரிக் அமிலத்தையும் அன்ஹைட்ரைடையும் அடர்நிலையில் நேராகக் கலக்கவே கூடாது. முதலில் பெர்குளோரிக் அமிலத்தை நிறைய அசிட்டிக் அமிலத்தில் நீர்த்துவிட்டு, குளிர வைத்து, கலக்கிக்கொண்டே அன்ஹைட்ரைடை மெதுவாக விட வேண்டும். 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மின்முலாம் கூடத்தில் இந்த இரண்டும் சேர்ந்த கரைசல் வெடித்து 17 பேர் இறந்தார்கள். தெரியாத ஆள் தனியாக இதைத் தயாரிக்க வேண்டாம், ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் தயார் கரைசலை வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது அனிலீன் ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் இவ்வளவு பாடே தேவையில்லை. அனிலீனியம் அசிட்டிக் அமில அளவுக்கு அமிலத்தன்மை உள்ளது, எனவே தண்ணீரிலேயே சோடியம் ஹைட்ராக்சைடும் பினால்ப்தலீனும் வைத்து முடித்துவிடலாம்.