மஞ்சள் பூத்ததெல்லாம் கரிசாலை இல்லை

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், ஐப்பசி மழைக்கு அப்புறம் குட்டிக் குட்டியாக மஞ்சள் பூ. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணெய் காய்ச்சப் பறித்து வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இது தாத்தாப்பூடா" என்று தூக்கிப் போட்டுவிட்டார். எதை வைத்து அடையாளம் காண்பது? இவற்றில் நம் மண்ணின் செடி எது?

பதில்: அம்மா சொன்னதுதான் சரியாக இருக்கும். காய்ந்த மேட்டில் மஞ்சள் கரிசாலை வராது. அதற்கு ஈரம் வேண்டும். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, கண்மாய்க் கரை என்று தேடிப் போக வேண்டும்.

இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பூ என்று நாம் கிள்ளுவது ஒரு பூ இல்லை, ஒரு கூடைப் பூக்கள். தாத்தாப்பூ ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் குத்திட்டு நிற்கும் ஒவ்வொரு குழலும் ஒரு தனிப் பூ. ஓரத்தில் இதழ் மாதிரி இருக்கிற நாலைந்தும் தனித்தனிப் பூக்கள்தான். அவை மஞ்சள் இல்லை, வெளுத்த பால் நிறம். நுனியில் மூன்று பல் வெட்டியிருக்கும். ஒல்லியான நீளக் காம்பின் உச்சியில் ஒற்றைப் பூ. முற்றினால் ஒவ்வொரு விதைக்கும் இறகு முளைத்துக் காற்றில் பறக்கும். மஞ்சள் கரிசாலையில் ஓரமும் நடுவும் ஒரே மஞ்சள். இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், விதைக்கு இறகு கிடையாது.

வெள்ளைக் கரிசாலைக்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பச்சைச் சாறு கறுத்துவிடும். அது பூர்விகத்தில் எந்த நாட்டுச் செடி என்பதில் தாவரவியலாளர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு, அதை விடுங்கள்.

பூங்காவிலும் சாலை நடுவிலும் தரையை மூடிப் படரும் மஞ்சள் பூவையும் சிலர் கரிசாலை என்றே பறிக்கிறார்கள். இலை தடித்துப் பளபளவென்று, மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது அழகுக்கு நட்ட அமெரிக்கச் செடி. எண்ணெய்ச் சட்டிக்கு ஆகாது.

தமிழ்ப் பெயர் இருந்தால் நாட்டுச் செடி என்று நம்பிவிட வேண்டாம். தாத்தாப்பூவுக்கு வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு என்று எத்தனை பெயர்! தலையைச் சுண்டி விளையாடாத பிள்ளை உண்டா? ஆனாலும் அது வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறியது. கேரட் இலை போலக் கிழிந்த இலையும், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பொட்டுப் பூவும் உள்ள பார்த்தீனியமும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, இன்று மாட்டுத்தாவணி வரை வந்துவிட்டது. அதை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிக்கும்.

சரி, நம்முடையவை? உங்கள் மனையிலேயே சீதேவியார் செங்கழுநீர் இருக்கும். பூவாங்குருந்தல் என்றும் சொல்வார்கள். ஊதாப் பூ, ஓர இதழே கிடையாது, குஞ்சம் கட்டியது மாதிரி. முயல்செவியும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். நானும் ஆரம்பத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறேன், அதுவும் மாணவர்கள் முன்னால். பூவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். முயல்செவிக்கு அடியில் ஒரே வரிசைப் பச்சைச் செதில் ஒட்டி, வழவழப்பான குழாய் போல இருக்கும். செங்கழுநீருக்குச் செதில்கள் ஓடு வேய்ந்தது மாதிரி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். முயல்செவியின் மேலிலைகள் முயல் காது போலத் தண்டைக் கட்டிப்பிடித்திருப்பது கூடுதல் அடையாளம்.

தை அறுப்பு முடிந்ததும் வயல்காட்டுப் பக்கம் போனால் கொட்டைக்கரந்தை. உருண்டைப் பூ, தண்டின் இருபுறமும் இறக்கை ஓடும், கசக்கினால் காட்டமான வாசம். குத்துச்செடி வேண்டுமென்றால் பாறைக் குன்றுகளில் முசல்காதிலையைத் தேடுங்கள். சதைப்பற்றான சாம்பல் பச்சை இலை, நெடிய காம்பில் வெளிறிய மஞ்சள் பூ, ஓர இதழ் இல்லை.

அடுத்த முறை படம் அனுப்பினால் நாலு படம் வேண்டும்: முழுச்செடி, இலை தண்டில் சேரும் இடம், பூவின் முகம், பூவின் முதுகு. முகத்தை மட்டும்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். எண்ணெய்க்கு இப்போதைக்குத் தெரிந்த கீரைக்காரம்மாவிடம் வெள்ளைக் கரிசாலையே கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஒரு தண்டை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.