சளிக்காய்ச்சல் ஊசியும் ஸ்ட்ரெச்சர் தூக்கும் கையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தனியார் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். வயது 29. சளிக்காய்ச்சல் வந்தாலும் மூன்று நாளில் எழுந்துவிடுவேன். எனக்கு எதற்கு வருடா வருடம் ஊசி? (வாசகர், செந்தூல்)

பதில்: நீங்கள் எழுந்துவிடுவீர்கள். உங்கள் வண்டியில் படுத்திருக்கும் பெரியவரை நினைத்துத்தான் இந்த ஊசியைப் போடச் சொல்கிறோம். சளிக்காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுவென்சா கிருமி தொற்றினால் 1 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல் காட்டும். ஆனால் அதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மூச்சிலும் இருமலிலும் வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே, ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று இரவு ஷிஃப்டுக்கு வரும் நாளிலேயே நீங்கள் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். நோயாளிக்கு ஆக்சிஜன் மாஸ்க் மாட்டும்போது இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஏசிக்காகக் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கும். டயாலிசிஸ் நோயாளி, கர்ப்பிணி, இருதயம் பலவீனமானவர் இவர்களுக்கெல்லாம் அதே காய்ச்சல் நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். சுகாதார ஊழியர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இதனால்தான். ஊசி போட்டும் சிலருக்குக் காய்ச்சல் வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தாலும் கடுமை குறையும். முகக்கவசத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நம் நாட்டில் குளிர்காலமே கிடையாதே, எந்த மாதம் போடுவது? போன வருடம் போட்டது போதாதா? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மலேசியாவில் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு, சில மாதங்களில் மட்டும் கூடும். அதனால் ‘சீசன் வரட்டும்’ என்று காத்திருக்காமல், கடைசி ஊசிக்கு ஒரு வருடம் ஆனதும் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். வார்டில் நாலு பேர் படுத்த பிறகு ஓடுவது காலம் தாழ்ந்த வேலை. போன வருடத்து எதிர்ப்புச் சக்தி மாதங்கள் போகப் போகத் தேய்ந்துவிடும், கிருமியும் உருமாறும். ஊசியில் எந்த வகைக் கிருமிகளைச் சேர்ப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. முன்பு நான்கு வகை இருந்த ஊசி இப்போது மூன்று வகையாக வந்தால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். பி-யாமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால்தான் அதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: சென்ற முறை ஊசி போட்டபின் ஆறு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் நான். மறுபடியும் போட பயமாக இருக்கிறது. (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: பயம் நியாயமானது. ஒன்றிரண்டு நாள் வலி எல்லோருக்கும் வரக்கூடியது. ஆறு வாரம் நீடித்தது என்றால், ஊசி மேலே ஏறி மூட்டைச் சுற்றிய திசுவில் பட்டிருக்கக்கூடும். தோள்பட்டையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் சீருடையிலிருந்துதான் இந்தத் தவறு ஆரம்பிக்கிறது. சட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டுக் கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டால் தோளின் உச்சி மட்டுமே தெரியும், தாதி அங்கேயே குத்திவிடுவார். ஸிப்பைத் திறந்து கையை முழுவதுமாக வெளியே எடுங்கள். நீங்களும் உட்கார வேண்டும், ஊசி போடுபவரும் உட்கார வேண்டும். தோளின் எலும்பு முனையைத் தொட்டுப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே, சதை தடித்த இடத்தில், 25 மி.மீ. ஊசியை நேராக இறக்கி 0.5 மி.லி. செலுத்த வேண்டும். அதிகம் புழங்காத கையில் போடுங்கள். போட்ட பின் கையைக் கட்டிவைக்காமல் வழக்கம்போல் அசைத்துக்கொண்டிருங்கள்.

குழுத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே வண்டியில் போகிற இருவருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டால் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையிலாவது வலியில்லாத கை இருக்கும்.

கேள்வி: பட்டர்வொர்த் கிளினிக்கிலிருந்து 40 ஊசிகளை ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் போதுமா? (வாசகர், பினாங்கு)

பதில்: எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள், ஐஸ் பெட்டியில் ஐஸும் மருந்தைக் கெடுக்கும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்தான் அளவு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அட்டைப்பெட்டியின் மேல் வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்த ஊசி, உருகிய பின் பார்க்க நல்ல ஊசி போலவே இருக்கும். குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகளுக்குத்தான், இதற்குப் பொருந்தாது. உறைந்தது தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஐஸ் பேக்கை வெளியே வைத்து, மேலே வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை காத்திருங்கள். பிறகு ஐஸுக்கும் ஊசிப் பெட்டிகளுக்கும் நடுவே கனமான அட்டை வையுங்கள். தெர்மாமீட்டரின் முனை ஊசிகளின் நடுவில் இருக்கட்டும். ஐஸை ஒட்டி வைத்தால் தப்பான கணக்கு காட்டும். பெட்டி ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் வரட்டும், டிக்கியில் வேண்டாம். பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றால் டிக்கி அடுப்பாகிவிடும். வந்து சேர்ந்ததும் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் சூடேறும், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறையும். போடுகிற இடத்தில், கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்கும் 1:1000 அட்ரினலின் மருந்து தயாராக இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும்.

கேள்வி: முட்டை சாப்பிட்டால் எனக்குத் தடிப்பு வரும். போடலாமா? (வாசகி, பிறை)

பதில்: போடலாம். முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை. முன்பு இதே சளிக்காய்ச்சல் ஊசியால் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும் போடாதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.