நாற்பதாவது மூச்சு

கேள்வி: மூச்சை எண்ணித் தியானம் செய்யச் சொன்னார்கள். மூன்று வாரமாக உட்கார்கிறேன். எண்ணிக்கை 40, 50 என்று போகிறது, மனம் மட்டும் அடங்கவில்லை. பௌத்தம் சொல்வதெல்லாம் துறவிகளுக்குத்தான், நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு இல்லை. சரிதானே?

பதில்: உங்களை 40 வரை போகச் சொன்னது யார்? 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தின் மகாவிகாரை மடத்தில் இருந்துகொண்டு ‘விசுத்திமக்க’ என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய புத்தகோசர் இதில் ரொம்பக் கறார். ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால், இடம் போதாத பட்டியில் அடைத்த மாடுகள் மாதிரி மனம் முட்டி மோதும். தாண்டினால், மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. எண் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது, நீங்கள் வேறெங்கோ போயிருக்கிறீர்கள்.

முதலில் நெல் அளப்பவனைப் போல எண்ணச் சொல்கிறார். அவன் மரக்காலை நிரப்பி ‘ஒன்று’ என்று கொட்டுகிறான். அடுத்ததை அள்ளும்போது குப்பை கண்ணில் பட்டால் எடுத்துப் போடுகிறான். வாய் ‘ஒன்று, ஒன்று’ என்றபடியே இருக்கிறது. (நம் களத்தில் முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார்கள். நீங்களும் அப்படியே தொடங்கலாம், தோஷமில்லை.) உள்ளே போகும் மூச்சுக்கு ‘ஒன்று’, வெளியே வருவதற்கும் ‘ஒன்று’. அடுத்து ‘இரண்டு, இரண்டு’. பத்து முடிந்தால் மறுபடி ஒன்று. நடுவில் விட்டுப்போனால் எதில் விட்டோம் என்று ஆராயாதீர்கள், அந்த ஆராய்ச்சியே அடுத்த பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

மூச்சு தெளிவாகத் தெரியத் தொடங்கிய பிறகு மாட்டுக்காரன் கணக்கு. விடியலில் பட்டி வாசலில் கூழாங்கற்களோடு உட்கார்ந்து, மாடு வாசலுக்கு வர வர வேகமாக எண்ணுகிறானே, அது. ஒன்று முதல் ஐந்து, பிறகு ஒன்று முதல் ஆறு, இப்படியே பத்து வரை. எந்த மாட்டின் பின்னாலும் அவன் ஓடுவதில்லை. உங்களுக்கு வாசல் மூக்கு நுனி, அல்லது மேலுதட்டில் காற்று படும் இடம். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மூச்சைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். இழுத்து நீட்டவும் வேண்டாம். நீண்டால் நீண்டது, குறுகினால் குறுகியது என்று தெரிந்தால் போதும். எண்ணாமலே கவனம் நிற்கத் தொடங்கிய அன்று எண்ணை விட்டுவிடலாம். அதற்கு மேல் அது வெறும் சத்தம்.

துறவிகளுக்குத்தான் என்றீர்களே, புத்தர் காலத்துப் போதனைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் மானதின்னன் என்று ஓர் இல்லறத்தான் வருகிறான். ராஜகிருகத்தில் கடும் நோயில் படுத்திருக்கிறான். பார்க்க வந்த புத்தரின் சீடர் ஆனந்தரிடம், வலி குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனாலும் உடலையும் உணர்ச்சியையும் மனத்தையும் கவனித்தபடிதான் இருக்கிறேன் என்கிறான். உங்கள் பிரச்சினை வெறும் 40தான்.