எஸ் சித்தி இருந்தால் தாதியியல் பட்டம் படிக்க முடியாதா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். இரண்டாவது தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதி, உயிரியலிலும் இரசாயனவியலிலும் சி சித்தியும் பௌதிகவியலில் எஸ் சித்தியும் எடுத்திருக்கிறேன். தாதியியல் பட்டம் படிக்க விரும்புகிறேன். எஸ் சித்தியோடு விண்ணப்பிக்கவே முடியாது என்கிறார்கள் தோழிகள். பாதுகாப்புக்காக உயிரியல் விஞ்ஞானத்தை முதல் விருப்பமாகப் போடச் சொல்கிறார் ரியூஷன் ஆசிரியர். மன்னாரில் உள்ள அம்மம்மாவின் விலாசத்தைக் கொடுத்தால் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார் மாமா. காலி வீதியில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் என் பெறுபேற்றைக் கேட்காமலே வெளிநாட்டுத் தாதியியல் பட்டம் தருவதாகச் சொல்லி 75,000 ரூபாய் முற்பணம் கேட்கிறது. அப்பா செட்டியார் தெருவில் கணக்கு எழுதுபவர். கடன் பட்டாவது கட்டலாம் என்கிறார். அம்மாவோ கொழும்பை விட்டு அனுப்ப மாட்டேன் என்கிறார். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் என் பெயர் வேறு வேறு எழுத்துகளில் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் தோழிகள் சொல்வது சரியல்ல. விண்ணப்பிக்கத் தகுதி பெறுவது ஒன்று, தெரிவாவது வேறொன்று. இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ பிள்ளைகள் படிவத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடைந்திருக்கும் நீங்கள், அரச பல்கலைக்கழகத் தாதியியல் பட்டநெறிக்கு விண்ணப்பிக்க உரிமை உள்ளவர். எஸ் என்பதும் சித்திதான். ஆனால் உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொது அறிவுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், பெறுபேற்றுத் தாளை எடுத்து முதலில் அந்த வரியைப் பாருங்கள். மூன்று பாடங்களுக்காக இரவு பகலாகக் கண்விழித்துவிட்டு, அந்த ஒரு தாளை விளையாட்டாக எழுதியதால் வாசலிலேயே நின்றுபோன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தெரிவு என்பது இசட் புள்ளியைப் பொறுத்தது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை அளந்து, மூன்று பாடங்களுக்கும் சேர்த்துச் சராசரி கண்டு அதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே சி, சி, எஸ் என்ற ஒரே எழுத்துகளை வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் இசட் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருக்கலாம். நீங்கள் எழுத்துகளை மட்டும் எழுதி இசட் புள்ளியை விட்டுவிட்டதால், கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ என்னால் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது தெரிவானவர்களின் மிகக் குறைந்த இசட் புள்ளிகளை, பட்டநெறி வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் வெளியிட்டிருக்கிறது. அதில் தாதியியலுக்கு நேரே கொழும்பு மாவட்டத்துக்குரிய எண்ணைத் தேடி, மூன்று ஆண்டுகளுக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். சற்றுக் குறைவாக இருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை; முதல் தெரிவில் இடம் கிடைத்தவர்களில் சிலர் பதிவு செய்யாமல் விடுவதால், வெற்றிடங்களுக்குப் பின்னர் ஆள் எடுப்பதும் வழக்கம்.

மாமாவின் யோசனை எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. விஞ்ஞானப் பட்டநெறிகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார் அந்த 16 மாவட்டங்களில் ஒன்று. கொழும்பு அதில் இல்லை. ஆனால் அந்த ஒதுக்கீடு, ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து பரீட்சை எழுதும் மன்னார்ப் பிள்ளைக்கானது. கொட்டாஞ்சேனையில் படித்து, கொழும்பின் ரியூட்டரிகளில் அமர்ந்த உங்களுக்கானது அல்ல. பொய்யான தகவலைக் கொடுத்துப் பெற்ற அனுமதி, படித்துக்கொண்டிருக்கும் காலத்திலும் இரத்தாகலாம் என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். இந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது ரியூஷன் ஆசிரியரின் ஆலோசனைதான், ஏனென்றால் அது நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது. விருப்ப வரிசை என்பது லொத்தர்ச் சீட்டு அல்ல. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் இசட் புள்ளி எட்டும் முதலாவது பட்டநெறியைக் கண்டதும் அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். உயிரியல் விஞ்ஞானத்தை 1ஆவதாகவும் தாதியியலை 2ஆவதாகவும் போட்டு, இரண்டுக்குமே உங்கள் புள்ளி போதுமானதாக இருந்தால், தாதியியல் உங்கள் கண்ணிலேயே படாது. தாதியியலை மேலே போட்டு அது கிடைக்காமல் போனால், கீழே உள்ள உயிரியல் விஞ்ஞானம் அதே உரிமையோடு உங்களுக்காகக் காத்திருக்கும். மேலே போட்டதற்காக யாரும் தண்டிப்பதில்லை. கிடைத்த பட்டநெறிக்கு ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அடுத்த ஆண்டு வேறொன்றுக்கு விண்ணப்பிக்கும் வழியும் அடைபட்டுவிடும். எனவே ‘பாதுகாப்பு’ என்று சொல்லப்படும் அந்த முதலிடம்தான் உண்மையில் ஆபத்தானது.

இதே காரணத்துக்காக அம்மாவுடனும் ஒரு தடவை ஆறுதலாகப் பேசுங்கள். தாதியியல் பட்டநெறி கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம், உறுகுணை, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது; படிவத்தில் ஒவ்வொன்றும் தனித்தனித் தெரிவு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய முதல் இரண்டையும் மட்டும் போட்டால், உங்கள் கதவுகளில் பெரும்பாலானவற்றை நீங்களே சாத்திவிடுகிறீர்கள். அம்மாவின் பயம் பொய்யான பயம் அல்ல, ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ் பேசும் நோயாளிகள் நடுவில் பயிற்சி பெறுவது ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுக்கும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கலாம். எங்கே படித்தாலும் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். சாதாரண தர ஆங்கிலப் பெறுபேறு பற்றி ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் என்ன கேட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு, இப்போது கிடைத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

ஆங்கிலம் பட்டத்துக்கு; வாட்டில் வேறு இரண்டு மொழிகள் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயார் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரவு 2 மணிக்கு ஒரு சிங்களத் தாதி கட்டில் தலைமாட்டில் தொங்கிய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, எங்க நோகுது?” என்று தமிழில் கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவரை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முனகிக்கொண்டிருந்த என் தாயார், வயிற்றின் வலப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். உங்கள் சிங்களம் அந்த அளவுக்காவது ஓடுமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

இனி அந்தத் தனியார் நிறுவனம். தனியார் நிறுவனங்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. ஆனால் தாதி வேலை, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் செய்யக்கூடிய வேலை அல்ல. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவில் உங்கள் பெயர் ஏற வேண்டும், அந்தப் பதிவில்தான் உங்கள் தொழில் நிற்கிறது. ஆகவே அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், இந்தப் பட்டத்தோடு தாதியர் பேரவையில் பதிவு செய்யலாமா, நோயாளிகளோடு பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். வாயால் வரும் பதிலை ஏற்காமல், கடிதத்தாளில் கையொப்பத்தோடு தரச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பேரவையிடமே போய் விசாரியுங்கள். என் நண்பர் ஒருவரின் மகள் இவ்வாறான ஓரிடத்தில் முதல் ஆண்டு முழுவதும் பிளாஸ்டிக் பொம்மைக்கு ஊசி போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில்தான் தனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இடமே ஒழுங்கு செய்யப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். பெறுபேற்றைக் கேட்காமல் சேர்க்கும் இடம், நாளைக்கு உங்களைத் தேடும் ஆஸ்பத்திரி பெறுபேற்றைக் கேட்கும் என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

வெளிநாடு என்ற சொல்லும் அந்த விளம்பரத்தில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். பிரித்தானியாவின் தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் பேரவை, பதிவுக்கு வருபவரிடம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7உம் எழுத்தில் 6.5உம் கேட்கிறது, அதற்கும் முன்னால், நீங்கள் முறையாகப் பயிற்சி பெற்ற தாதிதானா என்று பார்க்கிறது. குறுக்கு வழியில் எடுத்த பட்டம் அங்கே இன்னும் சீக்கிரமாகப் பிடிபடும்.

அப்பா கடன் படவேண்டிய அவசியமே இல்லாத இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவது வழக்கம்; 3 ஆண்டுப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு, முடித்ததும் அரச ஆஸ்பத்திரி நியமனம். வயதெல்லையும் உடற்தகுதியும் சாதாரண தரப் பாடங்களுக்கான நிபந்தனைகளும் அறிவித்தலிலேயே இருக்கும், வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியை இணையத்தில் தமிழிலேயே பார்க்கலாம். இது பட்டம் அல்ல, டிப்ளோமா என்று முகம் சுளிக்காதீர்கள். நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம் பதிவுபெற்ற தாதியருக்கென்றே 1994 முதல் தாதியியல் பட்டநெறியை நடத்திவருகிறது. சம்பளம் எடுத்துக்கொண்டே பட்டத்தை முடித்தவர்கள் இன்று வாட்டுகளைப் பொறுப்பாக நடத்துகிறார்கள். இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் தனியாக விளம்பரம் செய்து தாதியியலுக்கு மாணவர்களைச் சேர்க்கிறது, ஆனால் சிவில் மாணவர்களுக்கு அது கட்டணப் படிப்பு. உங்கள் வீட்டு நிலையில் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

மூன்றாவது தடவை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த எண்ணம் உங்கள் மனதில் இருக்கும். எழுதினால் மூன்று பாடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். இந்த ஆண்டின் சி, சியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. அதுவே உங்கள் கடைசித் தடவையாகவும் இருக்கும். இப்போதைய விண்ணப்பத்தின் முடிவு தெரியும் முன் அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

பெயர் விடயத்தை நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். நான் அதை முதலாவதாக வைப்பேன். கொழும்பில் பிறந்த நம் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதியதைப் பின்னர் பள்ளிக்கூடம் ஒரு விதமாகவும் அடையாள அட்டை இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும். தர்ஷிகா என்ற ஒரே பெயரை டி எழுத்தில் தொடங்குபவர்களும் உண்டு, டி எச் என்று தொடங்குபவர்களும் உண்டு. கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதுங்கள். பெயர்கள் எல்லாம் குறிப்பது ஒருவரையே என்று ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து வையுங்கள். தெரிவுக் கடிதம் வந்த பிறகு பதிவுக்குத் தரும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் ஒரு எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது மிகுந்த களைப்பு. அதோடு ஈரல் அழற்சி பி தடுப்பூசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிகளோடு பழகப்போகும் பிள்ளைக்கு அது தேவைப்படும், மூன்று ஊசிகளையும் போட்டு முடிக்க 6 மாதம் ஆகும்.

அந்த 75,000 ரூபாயை அப்பா ஏற்கெனவே கட்டிவிட்டாரா என்பதைக் கடிதத்தில் நீங்கள் தெளிவாக எழுதவில்லை. கட்டாவிட்டால், ஆணைக்குழுவின் தெரிவும் வர்த்தமானி அறிவித்தலும் வரும்வரை கட்ட வேண்டாம். கட்டியிருந்தால், பற்றுச்சீட்டையும் அவர்கள் தந்த விளம்பரத் தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பணத்தை மீளத் தரும் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு இந்தக் கிழமையே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்.